எபினேசர் சாரின் ஸ்டார்

காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய எபினேசருக்கு டாஸ் என்கிற இயக்க முறை தெரியும். அது மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த மனுஷன் அலட்டிய அலட்டல் இருக்கிறதே, அப்பப்பா! "ஸ்டார் குறி ஒண்ணு போட்டா அத்தனை ஃபைலும் வந்து கைகட்டி நிக்கும்" என்பார். சந்தேகம் கேட்டவர்களை மாடு மேய்க்கப் போகச் சொல்வார்.

தொண்ணூற்றாறில் அங்கப்பனின் பம்ப் மோட்டார் கம்பெனிக்கு யூனிக்ஸ் என்கிற வேறு முறையில் ஓடும் மெஷின் வந்தது. பார்த்துக்கொள்ள இவரையே பிடித்தார்கள். அங்கே டைப் செய்கிறவள் லின்சி. பழைய மோட்டாரின் சோதனை அளவுகள் ஒரு ஃபைல், புது மோட்டாருடையது இன்னொன்று. புதியதை மழைக்காலம் முழுக்கச் சோதனைக் கொட்டகையில் நின்று அவளே குறித்து ஏற்றியிருந்தாள். மெஷினில் ஏறிய பிறகு காகிதம் எதற்கு என்று குறிப்புகளைக் கிழிக்கச் சொன்னவர் எபினேசர்தான். மறுநாள் வரும் அதிகாரிகளிடம் அந்த அளவுகளைக் காட்டினால் மோட்டாருக்குத் தர முத்திரை கிடைக்கும். அவளுக்கு வேலை நிரந்தரமாகும்.

"வேற இடத்துல ஒரு காப்பி வெச்சுக்கலாமுங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

எபினேசர் ஃபைல் வைக்கப் புதிதாக ஒரு டைரக்டரி திறந்து அதற்குள் போய், காப்பி கமாண்டோடு லின்சியின் டைரக்டரி பெயரையும் ஸ்டாரையும் அடித்தார். டாஸில் அவ்வளவு போதும், நிற்கிற இடத்துக்கே ஃபைல்கள் வந்துவிடும்.

"எங்க வைக்கோணும்னு சொல்ல வேண்டாமுங்களா?"

"எனக்கே பாடம் எடுக்கறியா அம்மணி?" என்று எண்டரைத் தட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. "பாத்தியா, ஒரு எரர் இல்ல."

திறந்து பார்த்தால் புது டைரக்டரி காலி. லின்சியின் இரண்டு ஃபைலிலும் பழைய மோட்டாரின் அளவுகளே இருந்தன; புதியது அழிந்துபோயிருந்தது.

எபினேசர் மெஷின் விற்ற பெங்களூர் கம்பெனிக்கு எஸ்.டி.டி. போட்டார். "ஓ, யூனிக்ஸ்ல ஸ்டார் காப்பி புரோகிராமுக்கே போகாதா? நாம அடிக்கறதை முதல்ல படிக்கற ஷெல்லே பிரிச்சு ரெண்டு ஃபைல் பேரையும் கொடுத்துருமா? கடைசிப் பேரைப் போற இடம்னு எடுத்து, அதுமேல முதல் ஃபைலை எழுதிருச்சா?" பக்கத்திலேயே நின்று லின்சி கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்த மனுஷன் முகத்தில் சொட்டு வெட்கம் இல்லை. தூ!

அங்கப்பன் வந்தார். "ஏனுங்க சார், என்ன ஆச்சுங்க?"

"புள்ள எதையோ அழுத்திப்போட்டாளுங்க. நான் வாரப்பவே போயிருச்சு."

"பொய்யுங்க. அவருதானுங்க அடிச்சாரு" என்றாள் லின்சி.

அங்கப்பன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "பழசாச்சும் மிஞ்சுச்சே. நல்லவேளை, நீங்க இருந்தீங்க" என்று எபினேசருக்கு டீ சொன்னார். எபினேசர் சர்க்கரை தூக்கலாகக் கேட்டார். லின்சியை இனி வேலைக்கு வர வேண்டாமென்று வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.