மலை தெரியாத லென்ஸ்

போன சனிக்கிழமை சமையலறை சிங்க்குக்கு அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. வருகிறேன் என்று சொன்ன பிளம்பர் வரவில்லை. என் மனைவி பக்கெட்டை அடியில் வைத்துவிட்டு, என் மேஜை டிராயரைக் குடைந்து, அதிலிருந்து ஒரு கறுப்பு உலோக வளையத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் வைத்துத் திருகிப் பார்த்தாள். மரை ஒரு சுற்று ஏறியது, அப்புறம் சிக்கிக்கொண்டது. அதைக் கழற்றியெடுக்க நான் படுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது.

"ஏங்க, இது எதுக்குத்தான் ஆவும்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியைத் திருப்பதியில் என் முதலாளி தெலுங்கில் கேட்டார். ஊரில் என் அப்பா, எங்கள் நைனா, தமிழில் கேட்டார். யாருக்கும் நான் திருப்தியாகப் பதில் சொன்னதில்லை. உங்களிடமாவது சொல்லிப் பார்க்கிறேன்.

அது கேமராவுக்கான அடாப்டர். பழைய காலத்து லென்ஸ்களை ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி திருகித்தான் கேமராவில் மாட்ட வேண்டும். இப்போதைய கேமராவில் சொருகி ஒரு திருப்பு திருப்பினால் டக்கென்று உட்கார்ந்துவிடும். ஒன்றின் வாயில் இன்னொன்று சேராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையத்தைப் போட்டால் சேரும். வளையத்தின் ஒரு பக்கம் மரை, மறுபக்கம் சொருகும் காது. இவ்வளவுதான் விஷயம். இதற்காக நான் ஒரு மாதம் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை. மலையிலிருந்து இறங்கும் குடும்பங்கள் அப்படியே மொட்டைத் தலையோடு வந்து, மலை வரைந்த திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நிஜ மலை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும், அதை யாரும் கேட்பதில்லை. தலையில் பூசிய சந்தனம் எல்லாருக்கும் வாடை வீசும். மாலையில் என் சட்டைக்கும் அந்த வாடைதான். ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்னைப் பக்திமான் என்று நினைத்து ஜன்னலோர இடம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

ஸ்டுடியோ பரணில் ஒரு ரஷ்ய கேமரா கிடந்தது. ஷட்டர் செத்துவிட்டது, லென்ஸ் உயிரோடிருந்தது. முதலாளி அதை எனக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார். தோல் பை, பூஞ்சை, பாச்சை உருண்டை மூன்றும் கலந்து ஒரு வாசனை. அந்த வாசனைக்காகவே நான் அதை வாங்கிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அப்புறம் இன்டர்நெட்டில் தேடி அடாப்டருக்கு ஆர்டர் போட்டேன். அதில் இரண்டு வகை. நடுவில் சின்னக் கண்ணாடி வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. கண்ணாடி எதற்கு என்று யோசிக்காமல் வைக்காததை வாங்கினேன். எங்கள் கேமராவுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தான். பொருந்தியது, அதில் பொய்யில்லை.

மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்து ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பினேன். ஏழு மலையும் சேர்ந்து ஒரு பச்சைச் சாந்தாகத் தெரிந்தது. அதுவும் அங்கே மலை இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான். எங்களிடம் இருந்த கேமராவில் இந்த வளையத்தைப் போட்டால் லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு நூல் முன்னால் போய்விடுகிறது. அந்த ஒரு நூலுக்கு, கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் உலகம் முழுக்கக் கலங்கிவிடுகிறது. கிட்டத்தில் இருப்பது மட்டும் ஊசி முனைபோலத் தெரியும். நான் வாங்காத அந்தச் சின்னக் கண்ணாடி இதைச் சரிசெய்யத்தான். முதலாளி வாங்கிப் பார்த்தார்.

"எந்துக்குரா இதி? ஸ்டேஜ் தெரியாது, மண்டபம் தெரியாது. மாப்பிள்ள மடியில உக்காந்து எடுப்பியா?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். நைனா அப்போது கூலி வேலையை விட்டுவிட்டுக் குத்தகை நிலத்தில் மிளகாய் போட்டிருந்தார். போர் மோட்டாரும் பைப்பும்தான் அவர் உலகம். வளையத்தை வாங்கி மரையில் விரலை ஓட்டினார்.

"இன்னாடா இது, பெரிய பைப்ப சின்ன பைப்போட சேக்கற ரெட்யூசரா?"

"அந்த மாரிதான் நைனா."

"டேப் சுத்தாத மாட்டினா ஒழுவாதா?"

"இதுல தண்ணி போவாது நைனா. வெளிச்சம்தான் போவும்."

அவர் வளையத்தைத் தூக்கி அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "எதுவா இருந்தாலும் டேப் சுத்து," என்றார்.

அன்றைக்கு அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். காய்ச்சல் என்றார்கள். இரண்டு நாளில் அது டெங்குவாகி, திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர் சொன்னார். அக்கா ஷூ கம்பெனியில் லீவு போட்டுவிட்டு அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டாள். அக்கா பெயர் ரேணுகா, என்னைவிட மூன்று வயது பெரியவள். ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து மலையைப் பார்த்து, "அம்மா எழுந்து உக்காந்தா முடி குடுத்துடறேன்" என்று வேண்டிக்கொண்டாள். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அக்கா யாரிடமும் கேட்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு மலையேறி முடியைக் கொடுத்துவிட்டாள். முடி இறக்கும் இடத்துக்குப் பெயர் கல்யாணகட்டா. பெயரை நம்பி யாரும் அங்கே வேறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஸ்டுடியோவில் தினமும் முகர்ந்த அதே சந்தனம் அக்கா தலையில் இருந்தது. அன்றைக்கு மட்டும் அந்த வாடை எனக்குத் தாங்கவில்லை, கீழே இறங்கும் வரை பஸ்ஸில் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல்மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. "கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு, என்னாத்துக்குடி இந்த வேல?" என்று அழுதாள். அழுததில் நியாயம் இருந்தது என்பது அடுத்த வாரமே தெரிந்தது. சித்தூரில் வாக்கப்பட்ட எங்கள் சின்னம்மா ஃபோன் செய்தாள். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிற பையன், வீட்டில் அம்மா மட்டும்தான், நல்ல இடம். அதற்கு முன் வந்த இரண்டு மூன்று இடங்கள் நிறத்தைச் சொல்லித் தட்டிப்போயிருந்தன. இந்த இடம் தவறினால் அக்காவுக்கு இனி அமைவது கஷ்டம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். உடனே போட்டோ அனுப்பச் சொன்னாள் சின்னம்மா.

பழைய படங்களுக்கு ராசியில்லை என்று அம்மா சொன்னதால், அக்காவைப் புதிதாக ஒரு படம் எடுத்துக்கொண்டு நான் முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தார். எங்கள் ஸ்டுடியோவில் படமெடுத்த கல்யாணப் பெண்களின் ஜடைகள் மட்டும் தனியாக வெட்டி வைக்கப்பட்டிருந்தன. வழுக்கை, முடி கொட்டியவர்கள், மொட்டை எல்லாருக்கும் அதுதான் அவசர உதவி.

"ஏ ஜட காவாலி? எது வேணும், பூ ஜடயா, சாதாவா?" என்று கேட்டார்.

சாதாவே போதும் என்றேன். அக்காவின் தலையில் யாரோ ஒரு பெண்ணின் கூந்தல் முளைத்துத் தோள்வழியாக முன்னால் வந்து விழுந்தது. கையோடு முகத்தையும் வழக்கப்படி இரண்டு படி வெளுத்தார். வெளுக்காமல் அனுப்பினால் ஸ்டுடியோவுக்குக் கெட்ட பெயர் என்பது அவர் கொள்கை. படம் வாட்ஸப்பில் சித்தூர் போனது. மறுநாளே பதில் வந்தது. பையனின் அம்மாவுக்கு ஜடை ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை காணிப்பாக்கத்தில் கோயிலிலேயே பெண்ணைப் பார்த்துவிடலாம் என்றார்கள்.

காணிப்பாக்கம் என்றதும் அம்மாவுக்குக் காய்ச்சல் திரும்பி வந்ததுபோல் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறா, மாடு காணாமல் போன சண்டையா, குளத்தில் முழுகி ஈரத்துணியோடு அந்தப் பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். பெரிய சண்டியர்கள்கூட அங்கே கூப்பிட்டால் பாதி வழியிலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

"அந்த சாமி எதிர்க்க சவுரி வச்சிக்கினு எப்படி நிக்கறது?" என்றாள் அம்மா.

"நாம வாயத் தொறக்க வேணாம்," என்றார் நைனா. "பொய் சொல்றது சவுரிதான், நாம இல்ல."

இது கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா சாப்பிடவில்லை. அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"டேய், உன் ரெட்யூசர எடுத்துக்கினு வா. இப்ப எப்படி கீறனோ அப்படியே எடு. வெளுத்தன்னா ஒதைப்பேன்."

ஸ்டுடியோவின் நல்ல லென்ஸ்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள். பழைய கேமரா பாடி ஒன்றும் மலை தெரியாத என் லென்ஸும்தான் கையில் இருந்தன. வாசலில் அக்காவை முக்காலியில் உட்காரவைத்தேன். எட்டி நின்றால் அக்கா கலங்கினாள், இன்னும் முன்னால் போனேன், மறுபடியும் போனேன், கடைசியில் அவள் மூச்சு என் கையில் படுகிற தூரத்தில்தான் தெளிந்தாள். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

நாங்கள் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் நின்று அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவளுக்குக் காது இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது, எப்போதும் முடிக்குள் இருந்திருக்கிறது. கேழ்வரகு நாற்றங்கால்போல முடி ஒரே அளவில் முளைத்திருந்தது. கண்ணுக்கடியில் ஆஸ்பத்திரியில் தூங்காத கறுப்பு இன்னும் போகவில்லை. பின்னாலிருந்த துணிக்கொடி, மோட்டார் ரூம், பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாம் கரைந்துபோய் அவள் மட்டும் இருந்தாள். எங்கள் அக்கா அழகு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சொல்லக் கூச்சமாக இருந்ததால், "ஆடாத" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் படத்தை அவளே பையன் நம்பருக்கு அனுப்பினாள். என்ன எழுதினாய் என்று கேட்டதற்குப் படித்துக் காட்டினாள். "இப்ப நான் இப்படித்தான் இருக்கேன். அம்மாக்கு ஒடம்பு சரியாவணும்னு முடி குடுத்துட்டேன். முன்ன அனுப்பினது ஸ்டுடியோ முடி, ஸ்டுடியோ கலரு. வரதுன்னா வாங்க."

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. சின்னம்மாதான் ஃபோனில் குதித்தாள்.

"ஏண்டி, நாலு மாசம் சமாளிச்சிருந்தா முடி வந்திருக்கும்ல?"

"கலரும் வந்திருக்குமா சின்னம்மா?" என்றாள் அக்கா.

நைனா அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. போட்டோ எடுத்தவன் நான்தானே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேட்டியைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். வருவதாகச் சொன்ன இடத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றார். பஸ் மாறி, பஸ் மாறிப் போனோம். காணிப்பாக்கத்தில் இறங்கியதும் அம்மா பழக்க தோஷத்தில் மல்லிகைப்பூ வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் அக்காவுக்கு வைக்க இடமில்லை என்று ஞாபகம் வந்தது. பூவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அக்கா அதை வாங்கி அம்மா தலையில் வைத்தாள். காய்ச்சலில் கொட்டியது போக அங்கேயும் பூவைத் தாங்க அதிகம் முடி இல்லை.

மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். சாமி பார்த்தாயிற்று, பிரசாதம் தின்றாயிற்று, வெயில் ஏறிவிட்டது. நைனா தூணை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா முக்காடு போடாமல் நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் கை மட்டும் புடவை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது. அவர்கள் வர மாட்டார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அந்த லென்ஸைக் குளத்தில் வீசிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது ஒல்லியாக ஒரு ஆள், பின்னால் ஒரு அம்மாவோடு, வியர்த்து வழிய வந்தார். ஃபேக்டரியில் சீசன், ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார், சட்டையில் மாம்பழ வாசனை. அக்காவைக் கடந்து போய் எங்கள் அம்மாவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இப்ப ஒடம்பு எப்படி கீதும்மா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஊரில், உறவில், ஃபோனில் எத்தனையோ பேர் கேட்டார்கள். எல்லாரும் கேட்டது அக்கா முடியைப் பற்றித்தான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே எழுதியிருந்ததையும் படித்து, படுத்திருந்தவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஒரு ஆள் வந்தது அப்போதுதான். அம்மா அழுதாள். அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் முழுக்கக் கேட்டார். அதற்குள் அவருடைய அம்மா அக்காவையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஜட யாருதுப்பா?"

காணிப்பாக்கம். பொய் சொல்ல முடியாது. "ரேணிகுண்டால ஒரு பொண்ணுது" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம். அக்காவுக்கு முடி கழுத்துவரை வந்திருந்தது. முதலாளியே நேரில் வந்து படமெடுத்து, யாரும் கேட்காமலேயே ஆல்பம் முழுக்க ஜடை வைத்துக் கொடுத்தார். அக்காவைக் கட்டிய மாமா இன்றுவரை அந்த ஆல்பத்தை யாருக்கும் காட்டுவதில்லை. என் படத்தை மட்டும் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார்.

இப்போது ஸ்டுடியோ இல்லை, அங்கே செல்ஃபோன் கவர் விற்கிறார்கள். நான் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறேன். புதிதாக வாங்கியிருக்கும் மிரர்லெஸ் கேமராவில் எந்தப் பழைய லென்ஸும் ஒழுங்காக உட்காரும், சரியான அடாப்டரும் வைத்திருக்கிறேன். மலையில் போகும் பஸ்கூடத் தெரிகிறது. பார்த்துவிட்டு உறையில் போட்டு வைத்துவிடுகிறேன்.

காணிப்பாக்கத்துக்குப் பிறகு மாமா எங்களுக்கு ஃபோன் செய்தால் அல்லோ என்று சொன்னதே இல்லை. எடுத்ததும் "அம்மாக்கு எப்படி கீது?" என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கு வேலை கிடைத்ததைச் சொல்லக் கூப்பிட்டபோதும், அவருக்குப் பிள்ளை பிறந்ததைச் சொல்ல அவர் கூப்பிட்டபோதும் முதல் வார்த்தை அதுதான். நான் அம்மாவைப் பார்க்காமலேயே "நல்லா கீறாங்க மாமா" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன்.

அம்மா போன மழைக்காலத்தில் தவறிவிட்டாள். மாமா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்கிறார். எடுத்தால் அந்தப் பக்கம் ஒன்றும் வராது, மூச்சு மட்டும் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க மழையா?" என்று கேட்கிறார்.