விசில் ஊதுகிற வரைக்கும்

முதல் அடி செருப்பால், முகத்தில் விழுந்தது. அடித்தது யாரென்று வெயிலண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. அடுத்தது கட்டையால், முதுகில். அதற்கப்புறம் அவர் எதையும் கணக்கு வைக்கவில்லை. உச்சிவெயிலில், ஆள் நடமாட்டமே இல்லாத மைதானத்தில், அத்தனை பேர் எங்கிருந்துதான் முளைத்தார்களோ. நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால் ஒருத்தனும் வரமாட்டான். அடிக்க வா என்றால் சாப்பிட்ட கையைக் கழுவாமல்கூட ஓடி வருவான்.

அவர் செய்த குற்றம், அழுத குழந்தையைத் தூக்கியது.

குழந்தைகளை மட்டும்தான் அவர் படம் பிடிப்பார். மற்ற போட்டோக்காரர்கள் இளவெயிலில் வேலையை முடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர, இவர் மண்டையைப் பிளக்கிற வெயிலில் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்துவார். வெயிலண்ணன் என்ற பெயர் அதனால் வந்தது. கிறுக்கு என்றும் சொல்வார்கள். வேலை தெரிந்த கிறுக்கு. சூரியன் பிள்ளையின் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்கவைத்து, முன்னால் தரையில் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துவிடுவார். போர்வையில் பட்டு எழும்புகிற வெளிச்சம் முகத்தில் விழும். கண்ணுக்கடியில் கறுப்பு தங்காது. தலைமுடி ஓரமெல்லாம் தகதகவென்று மின்னும்.

வெளிச்சம் பாதி வேலைதான், மீதி சிரிப்பு. அம்மா பக்கத்தில் நின்றால் அது நடக்காது. "சிரிடி, நிமிந்து நில்லுடி" என்று அவள் நச்சரிக்க, பிள்ளை கேமராவை விட்டுவிட்டு அம்மா மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் முதல் வேலையாக அம்மாவைக் கண்மறைவாக அனுப்பிவிடுவார். பிறகு நாய் மாதிரி குரைப்பார். தடுக்கிவிட்டதுபோல் போர்வைமேல் தொபுக்கென்று விழுந்து, "ஐயோ, கொல்றாங்களே" என்று அலறுவார். எந்த அழுமூஞ்சியும் அந்த இடத்தில் சிரித்துவிடும்.

அன்று வந்தது ஒரு தையல்காரியும் அவளுடைய நான்கு வயது மகளும். மஞ்சள் கவுனை அம்மாவே தைத்திருந்தாள்.

"நீங்க மோட்டார் ரூமுக்குப் பின்னால போய் உக்காந்துக்கங்கம்மா. நான் கத்துவேன், அலறுவேன், எது கேட்டாலும் கண்டுக்காதீங்க. விசில் சத்தம் கேட்டா மட்டும் வாங்க" என்றார்.

"பாப்பா அழுதான்னா?"

"அழுதாலும் வரக்கூடாது. நீங்க எட்டிப் பாத்தா படம் போச்சு."

விசில் அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. படம் முடிந்ததும் பாப்பாதான் அதை ஊத வேண்டும் என்று அவளிடம் பேசிவைத்திருந்தார்.

ஒருமுறை விழுந்து காட்டினார். பாப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் செருப்பை உதறிவிட்டு ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டு சிமெண்ட் தளத்துக்கு ஓடினாள். தளம் கொதித்தது. நடுவில் போய் நின்றுகொண்டு, வெளியே வரத் தெரியாமல் வீறிட்டாள். வெயிலண்ணன் போர்வையை வாரி அவள் தலையில் போட்டு, அள்ளித் தூக்கிக்கொண்டு மதில் நிழலைப் பார்த்து ஓடினார்.

மைதானத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தது வேறு. ஒருத்தன் குழந்தையைத் துணி போட்டு மூடித் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், குழந்தை கதறுகிறது. பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டதாக அந்த வாரம் முழுக்க எல்லார் போனிலும் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் பாப்பாவை நிழலில் இறக்கிவிட்டு, போர்வையை உதறி நிமிர்ந்தபோதுதான் செருப்படி விழுந்தது.

"இதுவரைக்கும் எத்தன புள்ளைங்கடா?"

"நான் போட்டோ எடுக்கறவன்ங்க. இதோட அம்மா அங்க இருக்காங்க."

"எங்கடா அம்மா? எங்க காட்டு?"

மோட்டார் ரூம் பக்கம் கையை நீட்டினார். அந்தக் கையை முறுக்கித் தரையில் போட்டு ஒருத்தன் பூட்ஸ் காலால் மிதித்தான். விரல் முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. இன்னொருத்தன் கேமராவை வாரோடு பிடுங்கிச் சுழற்றி இடது காதோடு சேர்த்து அடித்தான். லென்ஸ் சிதறியது. போர்வைமேல் விழுந்தார். விலாவில் உதை, வயிற்றில் உதை. வெள்ளைப் போர்வையில் ரத்தம் மளமளவென்று பரவியது.

"ஐயோ, கொல்றாங்களே" என்று அலறினார்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் தையல்காரிக்கு அது நன்றாகக் கேட்டது. பாவம், ஒரு படத்துக்கு மனிதர் என்ன பாடுபடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பாப்பாவும் சிரித்தாள். மாமா முன்பு விழுந்த அதே போர்வைமேல்தான் இப்போதும் விழுந்திருந்தார், அதே வார்த்தையைத்தான் கத்தினார். அவள் கைதட்டினாள்.

"பாரு, பயத்துல சிரிக்குது புள்ள" என்ற ஒருவன், ஆத்திரம் தாங்காமல் இன்னொரு உதை விட்டான்.

இழுத்த இழுப்பில் கழுத்துக் கயிறு அறுந்து விசில் பாப்பாவின் காலடிக்கு உருண்டு வந்தது. படம் முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். எடுத்து, கன்னம் உப்ப ஊதினாள்.

தையல்காரி சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்த முகமாகத்தான் வந்தாள். பார்த்ததும் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆட்களைப் பிளந்துகொண்டு போய் அவர்மேல் விழுந்தாள். அவள் முதுகிலும் ஒரு அடி விழுந்தது. "என் புள்ளடா அது. நான்தான்டா இவரை வரச் சொன்னேன்" என்று கத்தினாள். கை ஓங்கியவர்கள் ஒவ்வொருத்தராக நழுவினார்கள்.

நழுவாமல் நின்றவன் பஞ்சர் கடைக்காரன் மட்டும். குனிந்து, ரத்தத்தைத் துடைத்து, முகத்தைப் பார்த்தான். அவன் மகனை வெயிலண்ணன் எடுத்த படம் அவன் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது.

"ஐயோ அண்ணே, நீங்களா? நீங்கன்னு தெரியாம அடிச்சுட்டோம்ணே."

வேறு யாராவது என்றால் அடித்துக் கொன்றிருக்கலாம் போலிருக்கிறது.

இடது காது போய்விட்டது. இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. வேறு தொழில் தெரியாததால் கட்டு பிரித்ததும் மறுபடி கேமராவைத்தான் எடுத்தார். ஆனால் போகிற இடத்தில் அக்கம்பக்கத்துக் கடைகளிலெல்லாம் ஏறி இறங்கி, "போட்டோ எடுக்கப் போறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். குரைப்பதில்லை, விழுவதில்லை. பிள்ளைகள் போலீஸ் பிடித்துக்கொண்டுவந்து நிறுத்தியதுபோல் விறைத்துக்கொண்டு நின்றார்கள். வெளிச்சமெல்லாம் பழையபடி நன்றாகத்தான் இருந்தது. சிரிப்புதான் இல்லை.

"இதுக்குப் பேரு குழந்தை போட்டோவா? எல்லாம் பாஸ்போர்ட்டு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. கூப்பிடுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இனி ஒரு பிள்ளையைத் தன்னால் சிரிக்கவைக்க முடியுமா என்பது அவருக்கே சந்தேகமாகிவிட்டது.

அடுத்த வருடம் தையல்காரி மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் வீட்டு மொட்டைமாடி. பாப்பா வளர்ந்திருந்தாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உம்மென்று நின்றவள், "மாமா, கீழ விழுங்க" என்றாள்.

"மாமாக்கு முதுகு வலிம்மா."

"அன்னைக்கு விழுந்தீங்களே. அந்த மாமாங்களையும் கூப்பிடுங்க. எல்லாரும் அடிச்சு விளையாடுங்க. நான் விசில் ஊதறேன்."

தையல்காரி பளாரென்று மகளை அறைந்தாள். பிள்ளைக்கு மூச்சே நின்றுவிட்டது. அடித்தவர்கள்மேல்கூட வராத கோபம் வெயிலண்ணனுக்கு அப்போது வந்தது. மறுபடி ஓங்கிய கையை எட்டிப் பிடித்தார்.

"புள்ள மேல கை வைக்காதீங்க. அவ ஊதலைன்னா நான் இன்னைக்கு இல்ல. சிரிச்சது அவ தப்பா?"

"நானும் சிரிச்சேண்ணே" என்றாள் தையல்காரி. "நீங்க அலறினது எல்லாம் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவள் விசும்பி அழுதாள்.

"கண்டுக்காதீங்கன்னு நான்தானம்மா சொன்னேன்" என்றார்.

பையிலிருந்து வெள்ளைப் போர்வையை எடுத்து விரித்தார். புதுப் போர்வை. விசிலைப் பாப்பா கையில் கொடுத்தார். இரண்டடி பின்னால் போய், தடுக்கி, தொபுக்கென்று விழுந்தார்.

விழுந்ததும் அலற வேண்டும், அதுதான் வழக்கம். முடியவில்லை. கைகள் தாமாகவே தலையைச் சுற்றிக்கொண்டன, முழங்கால் வயிற்றோடு போய் ஒட்டிக்கொண்டது.

பாப்பா சிரிக்கக் காத்திருந்தாள். பக்கத்தில் வந்து குனிந்து, நடுங்குகிற விரல்களைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றாள். ஆனாலும் பாப்பா விசிலை வாயில் வைத்து, மூச்சு முட்டுகிற வரைக்கும் ஊதினாள். அம்மா வந்து அவரைப் பிடித்துத் தூக்குகிறவரை நிறுத்தவில்லை.

அன்று படம் எடுக்கவில்லை.