கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற துரை

ஜேடர்பாளையம் ஆற்றங்கரையில் சினிமாப் படப்பிடிப்பு. கோழிப்பண்ணை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கூட்டத்தில் நிற்க நானும் போனேன். அதிர்ஷ்டம், ஒரு வசனமும் கிடைத்தது. புருஷனைச் சிறைபிடித்த வெள்ளைக்காரத் துரையின் முன்னால் மண்டியிட்டு, "என் ஊட்டுக்காரர உட்டுருங்க சாமி" என்று கெஞ்ச வேண்டும்.

துரையாக நடித்தவர் லண்டனில் மேடையிலும் சினிமாவிலும் பெரிய நடிகராம். வயதானவர். காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

தன் பகுதி முடிந்ததும் அவர் வேனுக்குப் போய்விட்டார். அடுத்து என் முகத்தை மட்டும் எடுக்க வேண்டும். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, "அக்கா, இதுதான் துரைன்னு நெனச்சுக்கங்க" என்றார். குச்சியைப் பார்த்து எப்படி அழுவது? திரும்பத் திரும்பச் சொதப்பினேன். "வேற ஆளப் போடுங்கப்பா!" என்று இயக்குநர் கத்தினார்.

அப்போது வேன் கதவு திறந்தது. கழற்றிய கோட்டையும் பூட்ஸையும் மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த வெயிலில் அவர் இறங்கி வந்தார். குச்சியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நின்றார். கேமரா என்னைத்தான் பார்த்தது. ஆனாலும் காலையில் நடித்தது போலவே பல்லைக் கடித்து என்னை முறைத்தார். எனக்கு நிஜமாகவே உடம்பு நடுங்கியது. வசனத்தோடு கண்ணீரும் வந்துவிட்டது.

முடிந்ததும் கைகொடுத்து என்னை எழுப்பிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாமக்கல் தியேட்டரில் அந்தக் காட்சிக்குக் கைதட்டினார்கள். "ஏம்புள்ள, யாரப் பாத்து இப்படி நடுங்குற?" என்று என் கணவர் கேட்டார்.

"அந்தத் துரையத்தானுங்க" என்றேன்.

திரையில் என் முகம் மட்டும்தான் இருந்தது. அந்தக் கைதட்டல் லண்டனுக்குப் போக வேண்டியது.