ஒரே முகூர்த்தத்தில் ஏழு விசேஷம்

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நேரும் கோளாறு, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு எந்த வழியாக வந்து சேரும் என்பது எனக்குத் தெரியும். முறையான வழியாகத்தான் வரும். வடக்கே மழை பொய்க்கும். எல்லையில் சண்டை மூளும். அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வருமா, வராதா என்று டெல்லியில் கவலைப்படுவார்கள். அந்தக் கவலை ஆணையாக மாறிச் சென்னைக்கு வரும். அங்கே தமிழாகி, கலெக்டர் ஆபீஸில் நகலெடுக்கப்பட்டு, பொன்னேரி தாலுகா ஆபீஸில் முத்திரை வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு சைக்கிளில் ஏறும். அறுபதுகளின் நடுவில் அந்தச் சைக்கிளை மிதித்தவன் நான். உணவு வழங்கல் பிரிவில் இன்ஸ்பெக்டர். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். உலக வர்த்தகத்தைப் பற்றி நன்றாக எழுதி முதல் வகுப்பில் தேறியவனை, கல்யாண வீடுகளில் வாழை இலை எண்ண அனுப்பினார்கள்.

விருந்தினர் கட்டுப்பாட்டு ஆணை என்று அதற்குப் பெயர். கல்யாணமோ காதுகுத்தோ, ஒரு விசேஷத்தில் இத்தனை பேருக்கு மேல் அரிசிச் சோறு போடக்கூடாது. கோதுமை உப்புமா போடலாம், வள்ளிக்கிழங்கு அவித்துப் போடலாம். அதற்குத் தடையில்லை, ஆசையும் இல்லை. எங்கள் தாலுகா வழக்கப்படி வீட்டார் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். விருந்தாளிகள் மட்டுமே வருவார்கள். வீட்டார் யார் என்று சந்தேகம் வந்தால் ரேஷன் கார்டைப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்த அளவுக்குக் கல்யாணங்களை எந்தப் புரோகிதரும் பார்த்திருக்க மாட்டார். சரியாகப் பந்தி போடும் நேரத்துக்குப் போய் நிற்பேன். என்னைக் கண்டதும் மேளம்கூடக் கொஞ்சம் தணிந்து ஒலிப்பதுபோல் இருக்கும். இலைகளை எண்ணுவேன், கையெழுத்து வாங்குவேன், சைக்கிளை எடுப்பேன். தணிக்கைக்குப் போன இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது விதி. சாம்பார் வாசனையைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை. ஆகவே அதை மட்டும் எடுத்துக்கொண்டு வருவேன். வாரத்தில் ஒரு வேளைச் சோற்றை நாட்டுக்காக விடுங்கள் என்று பிரதமர் கேட்டுக்கொண்டிருந்தார். தனியாக இருப்பவனுக்கு அந்த வேண்டுகோள் தேவைப்படவில்லை. சமைக்க அலுப்பாக இருந்த நாட்களையெல்லாம் நாட்டுக்குக் கொடுத்தேன்.

புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கி மேற்கே நடந்தால் வரும் ஒரு கிராமத்தில் குடியிருந்தேன். நெல் விளையும் ஊர். பெரிய தெரு என்று பெயர் பெற்ற சின்னத் தெரு. அதன் நடுவில் ஓட்டு வீடு ஒன்று. அதன் பக்கவாட்டு அறையில் நான். வீட்டுக்காரருக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர்கள் என்னைத் தம்பி என்றார்கள். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. தெற்கே ஒரு சித்தப்பா இருந்தார், பொங்கலுக்குக் கார்டு போடுவார். ஆகவே ராத்திரிச் சோற்றுக்கு அந்த வீட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்ததுதான் அந்த வயதில் எனக்கு இருந்த குடும்பம். ஒரே மகளுக்கு நான் ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு அது வரவேயில்லை. என்னுடைய ஒற்றை ஆள் ரேஷன் கார்டை ஒப்படைத்துவிட்டு அவர்கள் கார்டிலேயே பெயரைச் சேர்த்துவிடலாமே என்று அக்கா ஒருமுறை சொன்னார். பார்க்கலாம் என்றேன். அதற்கான படிவத்தைக்கூட வாங்கி வந்தேன்.

ஆணை வந்த பிறகு எல்லாம் மாறியது. யாரும் கோபப்படவில்லை, மரியாதை கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் தம்பி போய் சார் வந்தது. பிறகு சமையலறை வாசலில் போட்டிருந்த மணை போய், என் அறைக்கே தட்டு வந்தது, மேலே இன்னொரு தட்டுப் போட்டு மூடி. எதற்கு அக்கா இதெல்லாம் என்று கேட்டேன். "நீங்க கவுர்மெண்டு ஆளு சார். கீழ குந்தவெச்சி சோறு போட்டா ஊர்ல இன்னா சொல்லுவாங்க?" என்றார். ஊர் என்ன சொன்னாலும் கீழேயே உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். படித்தவனுக்கு அது வாயில் வரவில்லை. படிவம் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது.

அந்த நிலையில்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் ஆந்திர எல்லையை ஒட்டிய தடா பக்கம். லாரி வைத்துக்கொண்டு வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். வந்தவர்களுக்கு உப்புமா போட்டு அனுப்பினால் அந்தப் பெண் அங்கே போய் எப்படி வாழ்வாள் என்பது வீட்டுக்காரரின் கவலை. என் கவலை வேறு, சின்னது. அந்தக் கல்யாணப் பந்தியில் எனக்கு ஓர் இலை வேண்டும். இன்ஸ்பெக்டராக வாசலில் நிற்காமல், அந்த வீட்டு ஆளாக உள்ளே உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும். இதற்காகச் சென்னைக்குப் போய் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கி வந்து கட்டிலடியில் வைத்திருந்தேன். குடியிருப்பவன் வீட்டாரில் சேர்த்தியா, விருந்தாளியா என்று ஆணையையும் அதன் திருத்தங்களையும் தேடிப் பார்த்தேன். விளக்கம் இல்லை. அரசாங்கத்துக்கு அப்படி ஒரு சந்தேகமே வந்ததில்லை.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது வீட்டுக்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ரொம்ப பேஜாரா கீது சார். சம்பந்தி ஊட்டு ஜனம் மட்டுமே உங்க கணக்கத் தாண்டும். எதுனா வழி கீதா?"

வழி இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் என் வாசலுக்கு வந்து பேசிப் பல நாளாயிற்று. கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று தோன்றியது. ஆணையைப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தேன். கணக்கு ஊருக்கு அல்ல, ஆளுக்கும் அல்ல. ஒவ்வொரு விசேஷத்துக்கும் தனி. ஒரு வீட்டில் ஒரு விசேஷம், அதற்கு ஓர் எண்ணிக்கை. "உங்கள் தெருவில் ஏழு வீட்டிலும் அன்றைக்கே விசேஷம் வைத்தால் சட்டம் ஏழு பந்தியையும் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்," என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தெருவில் நல்ல காரியங்கள் முளைக்கத் தொடங்கின. அடுத்த வீட்டில் பையனுக்குக் காதுகுத்து. அவன் காதில் ஏற்கெனவே கடுக்கன் ஆடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் கிருகப்பிரவேசம்; வெள்ளைக்காரன் காலத்து வீடு, முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். கோடி வீட்டுக்காரருக்கு அறுபதாம் கலியாணம்; கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு அவர் எழுதிக்கொடுத்த வயது ஐம்பத்திரண்டு என்பது எனக்குத் தெரியும். இன்னொரு வீட்டில் மருமகளுக்குச் சீமந்தம். அந்தப் பெண் என்னைக் கண்டபோதெல்லாம் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். எல்லாம் ஒரே நாள், ஒரே முகூர்த்தம். எல்லாவற்றுக்கும் முறைப்படி முன்தகவல் கொடுத்திருந்தார்கள். ஒரு காகிதத்தில்கூடக் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. உலக உணவு நெருக்கடிக்கு அந்தத் தெரு கண்ட பதிலை எந்த மாநாட்டிலும் வாசித்திருக்கலாம்.

தாசில்தார் தகவல்களை அடுக்கி வைத்துப் பார்த்தார். என்ன ஐயா, உங்கள் தெருவில் அதிர்ஷ்டம் கொட்டுகிறதே என்றார். ஏழையும் தணிக்கை செய்துவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணத்தன்று காலையில் குளித்துப் புது வேட்டி கட்டினேன். என் திட்டம் எளிமையானது. மற்ற ஆறு வீடுகளையும் முதலில் முடித்துவிடுவது. கல்யாண வீட்டைக் கடைசியில் எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் தணிக்கை தீர்ந்துவிடும். அதன் பிறகு நான் அதிகாரி இல்லை. கடைசிப் பந்தியில் உட்காரலாம். விதிகளை மீறாமல் ஒரு வேளை சாப்பிட எத்தனை ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தடா பக்கத்துச் சம்பந்திகள் தெலுங்கில் பேசிக்கொண்டு சோற்றை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் யாருடைய விசேஷத்துக்கு வந்திருக்கிறோம் என்பதை மட்டும் நன்றாகப் பாடம் பண்ணியிருந்தார்கள். சீமந்த வீட்டில் மீசைக்காரர் ஒருவரிடம் நீங்கள் பெண்ணுக்கு என்ன உறவு என்று கேட்டேன். வாயில் இருந்த கவளத்தை விழுங்கிவிட்டு, "மாமன்," என்றார். எந்தப் பெண்ணுக்கு என்று நான் கேட்கவில்லை. எங்கும் எனக்கு நாற்காலி போட்டார்கள், கலர் சோடா உடைத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். எங்கும் எண்ணிக்கை சரியாக இருந்தது. காதுகுத்து வீட்டுக்காரி மட்டும் வாசல் வரை கூடவே வந்து, ஒரு வாய் துன்னுட்டுப் போங்க சார் என்றாள். இன்னொரு வீடு பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்தபோது எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் அடுப்பில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பெரிய அண்டா கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் வேர்வையோடு ஓடிவந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஒரே பந்தி சார். நீங்க சொன்ன கணக்குக்கு மேல ஒரு எல இல்ல. என் கூடப்பொறந்த தம்பி தனிக் கார்டு ஆச்சே, கணக்குல வந்துடுவான்னு அவனையே காதுகுத்துற ஊட்டுக்கு அனுப்பிட்டேன். நம்ம ஊட்ல குந்திகினு கீற ஆபிசருக்கு நம்மளால ஒரு கெட்ட பேரு வரக்கூடாது பாருங்க."

நல்லது என்றேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த வீட்டில் மட்டும்தான் சட்டம் தன் சொந்த முகத்தோடு நடந்திருந்தது, அதுவும் எனக்காக. என்னையும் கணக்கில் சேர்த்திருந்தால் ஓர் இலை கூடியிருக்கும். சேர்க்காததுதான் அவர்கள் எனக்குச் செய்த மரியாதை. கையெழுத்துப் போட அவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடினேன். தணிக்கை முடிந்தது, நான் அதிகாரி இல்லை. அதனால் இப்போது யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அக்கா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பெண்ணைப் பெற்றவளுக்கு அன்றைக்கு உள்ள களைப்பு. பக்கத்தில் காதுகுத்து வீட்டுக்காரி தாம்பூலத் தட்டோடு வந்து நின்றாள். அக்கா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நீங்க எங்க துன்னீங்க சார்?"

அந்தக் கேள்வி அவர் மனதில் காலையிலிருந்தே இருந்திருக்க வேண்டும். ஏழு வீட்டில் அடுப்பு எரிகிறது, ஒரு வீட்டில் இல்லாவிட்டால் இன்னொரு வீட்டில் உட்கார வைத்திருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். யார் மேலும் குற்றம் இல்லை. எங்கும் சாப்பிடவில்லை என்று சொன்னால், மகள் கல்யாணத்தன்று அந்த அம்மாள் மறுபடி அடுப்பை மூட்டுவார். அந்தச் சோறு எனக்கு வேண்டாம்.

"காதுகுத்து வீட்டில் சாப்பிட்டேன் அக்கா," என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்காரி அங்கேயே நிற்பது நினைவுக்கு வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். தன் வாசலிலிருந்து நான் வெறும் வயிற்றோடு சைக்கிளை எடுத்ததைப் பார்த்தவள். தட்டில் இருந்த வெற்றிலையை ஒருமுறை சரி செய்தாள்.

"ஆமாக்கா, நம்ம ஊட்லதான். வேணாம் வேணாம்னாரு, நான்தான் உடல. பாயசம் ரெண்டு வாட்டி ஊத்தினேன்."

அவள் வீட்டில் பாயசமே கிடையாது. காதுகுத்துக்குச் சர்க்கரை பர்மிட் கேட்டு மனுப் போட்டிருந்தாள். பர்மிட் தரும் விசேஷங்களின் பட்டியலில் காதுகுத்து வராது என்று நிராகரித்துத் திருப்பி அனுப்பியவன் நான்.

அக்காவின் தோள் தளர்ந்தது. வயிறு நிறைந்தால் சரி என்றார். பிறகு, விருந்து வைத்த வீடுகளில் கேட்கும் வழக்கமான கேள்வியை, எனக்காகவோ அவளுக்காகவோ, சிரித்துக்கொண்டே கேட்டார்: பாயசம் எப்படி இருந்தது?

"இனிப்புதான் கொஞ்சம் தூக்கல்," என்றேன்.