அண்ணன் பீப்பாயில் ஊற்றிய பூத்தேன்

எங்கள் அண்ணி தையல்கடை வைத்திருக்கிறார். அண்ணன் அங்கே மூலையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விவசாய விளையாட்டு ஆடுவான். அதில் தேன்பெட்டிகளைச் சுற்றி உசத்தியான பூச்செடிகளை நட்டான். அந்தப் பூத்தேனுக்குச் சாதாரணத் தேனைவிட இரட்டிப்பு விலை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அத்தனையையும் பீப்பாயில் ஊற்றி, தேன்மது ஆக்கி விற்றான். சாதாரணத் தேனில் செய்த மதுவுக்கு என்ன விலையோ, அதேதான் கிடைத்தது.

"அநியாயம்!" என்று கத்தினான்.

அண்ணி கத்தரியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உள்ளே மறைஞ்சு போற லைனிங்குக்கு யாராவது பட்டு வைப்பாங்களா? பூத்தேனை அப்படியே வித்துடுங்க. சாதாத் தேனைப் பீப்பாயில ஊத்துங்க."

அப்படிச் செய்ததும் லாபம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் பண்ணை அண்ணி கையில்.

ஆகவே, உங்கள் சட்டையில் பட்டன் கோணலாக இருந்தால் அண்ணியைத் திட்டாதீர்கள். தைத்தது அண்ணன்.