தெய்வாத்தாள் கேட்ட ஓவர்லாக்

தங்கைக்குத் தையல் மிஷின் வாங்கித் தரப்போவதை ஈஸ்வரமூர்த்தி ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாகத்தான் தங்கையிடம் சொன்னார். பல்லடத்துக்குத் தெற்கே நாலு மைல் தள்ளியிருந்த அந்த ஊரில், 1966 வைகாசியில் அதைவிடப் பெரிய செய்தி இல்லை. டீக்கடையில் சொன்னார். கோயில் கூட்டத்தில் சொன்னார். “தாலியறுத்துட்டு வந்து நிக்கற பொறந்தவளை வெறுங்கையோட உட்டுருவமுங்களா?” என்று கேட்டுவிட்டு, கேட்டதும் தானே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அப்பன் உயில் எழுதாமல் செத்துப்போயிருந்தார். கிணற்றோடு ஏழு ஏக்கர். பெண்ணுக்கும் பங்குண்டு என்று சட்டம் வந்து பத்து வருஷமாகிவிட்டதைப் பல்லடத்து வக்கீல் குமாஸ்தா ஒருவர் ஈஸ்வரமூர்த்தியின் காதில் போட்டிருந்தார். பங்கை விட்டுக்கொடுத்ததாகத் தங்கை ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது. முந்நூறு ரூபாய்க்குள் ஒரு மிஷின், அதற்கு ஒரு கையெழுத்து. அதன்பிறகு அப்பன் வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு பிடி கம்பு கூடக் கிடையாது.

தெய்வாத்தாளுக்கு அப்போது இருபத்தேழு வயது. கிணறு வெட்டப்போன இடத்தில் பாறை சரிந்து புருஷன் போய் இரண்டு வருஷம். இரண்டு பெண் குழந்தைகளோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் பெண்டாட்டி ரங்காத்தாள் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. “சாப்புடுங்க நங்கை, வேணுங்கறதைப் போட்டுச் சாப்புடுங்க. மிச்சமிருந்தா நாங்க சாப்புட்டுக்கறோம்” என்பாள். அந்தச் சோறு தொண்டையில் இறங்குகிறதா என்று எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருப்பாள்.

அண்ணன் மிஷினோடு சேர்த்துப் பத்திரப் பேச்சையும் எடுத்தபோது, கேஸ் போடலாம் என்று தெய்வாத்தாளுக்கும் தோன்றாமல் இல்லை. கோயமுத்தூர்க் கோர்ட்டுக்கு அலைய ஆள் வேண்டும், வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் பெண்கள் கல்யாண வயசைத் தாண்டிவிடுவார்கள். யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். இரண்டு பேச்சு மட்டும் வைத்தாள். மிஷின் முன்னால், கையெழுத்துப் பின்னால். மிஷினைப் பொறுக்குவது அவள்.

“உனக்கு மிஷினைப் பத்தி என்ன தெரியும் அம்மிணி?” என்றார் அண்ணன்.

“ஒண்ணும் தெரியாதுங்ணா. தப்பாப் பொறுக்குனா நீங்க இன்னொண்ணு வாங்கித் தருவீங்களா?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் கிளம்பினார்.

ஒன்றும் தெரியாது என்று அவள் சொன்னது முழு உண்மையில்லை. அவளுடைய ஓரகத்தி ஆயம்மாள் திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையத்தில் குடியிருந்தாள். பனியன் கம்பெனிகள் வெட்டின துணியை வீடுகளுக்குக் கொடுத்துத் தைத்து வாங்கத் தொடங்கியிருந்த சமயம். ஆயம்மாள் கம்மலை விற்றுப் பளபளவென்று ஒரு புது டெய்லர் மிஷின் வாங்கி, ஆறு டஜன் பனியன் தைத்துக் கொண்டுபோனாள். கம்பெனிக்காரன் ஒன்றை எடுத்துத் தன் தலையில் மாட்டினான். தலை பாதி நுழைந்ததும் கழுத்துத் தையல் படபடவென்று தெறித்தது. பனியன் துணி இழுத்தால் நீளும், டெய்லர் மிஷின் தையல் நீளாது. மூன்று நூலை வலை மாதிரிப் பின்னி ஓரம் கட்டும் ஓவர்லாக் மிஷின்தான் அதற்கு ஆகும். இதை யாரும் ஆயம்மாளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆறு டஜன் துணியின் கிரயத்தையும் அவள் தலையில் கட்டினார்கள். இப்போது அந்த மிஷின் மேல் அரிசி டப்பா இருக்கிறது.

திருப்பூரில் ஈஸ்வரமூர்த்தி நேராக ஒரு பெரிய கடைக்குத்தான் கூட்டிப்போனார். கறுப்பு மிஷின், உடம்பெல்லாம் பொன் நிறப் பூ, தேக்குப் பலகை, மேலே கவிழ்க்க மரப்பெட்டி. அவர் அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டே நின்றார்.

“புதுசாக் கத்துக்கறவங்களுக்கு இதுதானுங்க. பச்சைக் கொழந்தை மிதிச்சாலும் ஓடும்” என்றார் கடைக்காரர்.

“பொட்டியோட வண்டியில இருந்து எறக்குனா லட்சணமா இருக்கும்” என்றார் அண்ணன்.

தெய்வாத்தாள் பையிலிருந்து இரண்டு துண்டுப் பனியன் துணியை எடுத்து நீட்டினாள். “இதை ஓரஞ்சேத்து ஒரு தையல் போட்டுக் காட்டுங்க.”

கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. “இது எதுக்குங்க? ஜாக்கெட்டு தைக்கலாம், பாவாடை தைக்கலாம், தலகாணி உறை தைக்கலாம்...”

“நான் தைக்கப்போறது பனியனுங்க.”

அவர் தைத்துக் கொடுத்தார். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டமாதிரி இருந்தது தையல். அவள் இரண்டு நுனியையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். நூல் மூன்று இடத்தில் அறுந்து தொங்கியது.

“துணியை இப்படி யாராச்சும் இழுப்பாங்களா?”

“தலைய உட்டாக் கழுத்து இழுபடாதுங்களா?”

கடைக்காரர் அவளை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். “உங்க தங்கச்சிக்கு வாங்கற எண்ணமில்லீன்னா நேராச் சொல்லீருங்க. யாவார நேரத்துல நூலை அறுத்து வெளையாட வேண்டாமுங்க.”

வெளியே வந்ததும் ஈஸ்வரமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “கடையில வெச்சு மானத்தை வாங்கிட்டயே. ஒரு அறை உட்டன்னா...”

“உடுங்க. ரோட்டுல நாலு பேரு பாக்கட்டும். அப்பறம் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போட வேற தங்கச்சியத் தேடிக்குங்க.”

ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம், பனியன் கம்பெனி மிஷின்களைப் பழுது பார்க்கும் சாமியப்பனின் தகரக் கொட்டாய் இருந்தது. ஆயம்மாள் சொன்ன இடம். அங்கே ஒரு பழைய ஓவர்லாக், கால்மிதி ஸ்டாண்டில் ஏற்றியபடி கிடந்தது. பெயிண்ட் உரிந்து, எண்ணெய் ஏறிக் கறுத்து, முன்தகடு பற்றவைத்த தழும்போடு இருந்தது. அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.

சாமியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “பொம்பளைங்க வந்து நொய்யரிசி வாங்கற மாதிரிக் கேக்கறீங்க. நூல் கோக்கத் தெரியுமுங்களா? தெரியாதவங்களுக்கு நான் விக்கறதில்லை. நாளைக்கு நூல் அந்துருச்சு, ஊசி ஒடைஞ்சிருச்சுன்னு என்னத் தேடி வருவீங்க. நான் வரமாட்டேன்.”

அவன் மூன்று நூலையும் ஒரு தடவை கோத்துக் காட்டினான். காட்டினான் என்பது பேருக்குத்தான். கண் பிடிப்பதற்குள் முடித்து, முடித்ததும் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டான்.

அவள் கோத்தாள். மிதித்தாள். நாலு தையலில் நூல் அறுந்தது. மறுபடி கோத்தாள், மறுபடி அறுந்தது. ஈஸ்வரமூர்த்திக்கு முகத்தில் உயிர் வந்தது. “பாத்தயா? வா, அந்தக் கடைக்கே போலாம்.”

“மொதல்ல ஊசியக் கோத்தா அப்படித்தானுங்க அறும்” என்று சாமியப்பன் புகைக்குள்ளிருந்து சிரித்தான். “டெய்லர் புத்தி.”

அவன் கேலிக்குச் சொன்னதை அவள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா நூலையும் உருவினாள். உள்ளே கொக்கி மாதிரி அசையும் இரண்டு லூப்பர்களுக்கு முதலில் கோத்து, ஊசியைக் கடைசிக்கு வைத்தாள். விரலெல்லாம் எண்ணெய். மிதித்தாள். கரகரவென்று இரைந்துகொண்டு ஓடியது. துணியோரத்தைக் கத்தி சீவ, பின்னாலேயே நூல் வலைபின்னிக்கொண்டு வந்தது. எடுத்து இழுத்தாள். துணி நீண்டது, தையலும் கூடவே நீண்டது, விட்டதும் சுருங்கிக்கொண்டது. சாமியப்பன் பீடியை அணைத்துவிட்டு, ஸ்டாண்டோடு இருநூற்றுத் தொண்ணூறு என்றான்.

“இந்தத் தகர டப்பாவையா ஊருக்குள்ள எறக்கச் சொல்ற?” என்றார் அண்ணன். “ரங்காத்தா தட்டுல மஞ்சக் குங்குமம் எடுத்து வெச்சுட்டு ஒரம்பரை சனத்தையெல்லாம் கூட்டி வெச்சிருக்கறா. பழசை வாங்கித் தள்ளிட்டான்னு காறித் துப்புவாங்க.”

“ஊருக்குள்ள எறக்க வேண்டாமுங்க. வேலம்பாளையத்துல எறக்குங்க.”

“அப்ப ஊருக்கு நான் என்னத்தைச் சொல்றது?”

“இத்தனை நாளு சொன்னதையே சொல்லுங்க. பாதி சொல்லித்தான உங்களுக்குப் பழக்கம்.”

“கையெழுத்துப் போடு, அப்பறம் காசு.”

“காசு குடுங்க, அப்பறம் கையெழுத்து. பேச்சு அப்படித்தானுங்க.”

“ஏனுங்க, சண்டையக் கொஞ்சம் அக்கட்டால போயிப் போடறீங்களா?” என்றான் சாமியப்பன். “எனக்கு வேலை கெடக்குது.”

ஈஸ்வரமூர்த்தி நோட்டுகளைக் கையில் கொடுக்காமல் மிஷின் மேல் வீசினார். இரண்டு நோட்டு எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. சாமியப்பன் அதை உரித்தெடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். ஒற்றை மாட்டு வண்டியில் மிஷினும் தெய்வாத்தாளும் வேலம்பாளையம் போனார்கள். அண்ணன் பஸ்ஸேறி ஊருக்குப் போனார்.

ஊரில் அவர் சொன்ன கதை வேறு. பெட்டியோடு புது மிஷின் வாங்கிக் கொடுத்தாராம், தங்கைக்காரி அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் பழைய இரும்பு வாங்கிக்கொண்டாளாம். ரங்காத்தாள் அதற்கு இன்னும் கொஞ்சம் கை கால் வைத்தாள். அந்த ஊரில் படித்தவர்கள் முதற்கொண்டு இன்றைக்கும் அதை நம்புகிறார்கள்.

தெய்வாத்தாள் குழந்தைகளைக் கூட்டிவந்து, ஆயம்மாள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்தாள். முதல் மூன்று நாள் அந்த மிஷின் தைத்ததைவிடக் கடித்தது அதிகம். ஒரு விரல் நுனியில் நகத்தோடு கொஞ்சம் கத்திக்குப் போனது. நாலாம் நாள் கை படிந்தது. இரண்டு வாரத்தில் முதல் மூன்று டஜனைக் கம்பெனியில் போட்டாள். அங்கே தையலைச் சோதிக்கும் செக்கர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கழுத்தையும் இரண்டு கையாலும் பிய்த்தெறிகிற மாதிரி இழுத்துப் பார்த்தான். ஒன்றையும் திருப்பித் தரவில்லை. “அடுத்த லாட் ஆறு டஜன்” என்று மட்டும் சொன்னான்.

அதற்கடுத்த திங்கட்கிழமை பல்லடத்துப் பத்திர ஆபீஸில் அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சின் இரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வராமல் போய்விடுவாள் என்று பயந்து ஈஸ்வரமூர்த்தி காலை எட்டு மணிக்கே வந்திருந்தார். அவள் சொன்ன நேரத்துக்கு வந்தாள்.

அதிகாரி பத்திரத்தைப் படித்துக் காட்டிவிட்டுக் கேட்டார். “யாரும் கட்டாயப்படுத்தலையே? மனசொப்பித்தானம்மா எழுதிக் குடுக்கறீங்க?”

அவள் பத்திரத்தைத் தன் பக்கம் திருப்பி, கடைசி வரி வரை ஒரு தடவை பார்த்தாள். அண்ணனின் நெற்றியில் வேர்த்தது. குமாஸ்தா பேனாவை மூடித் திறந்தார்.

“மனசு ஒப்பலீங்க” என்றாள் தெய்வாத்தாள். “ஏழு ஏக்கர்ல ஒரு பங்குக்கு ஒரு பழைய மிஷினுன்னா யாருக்குங்க ஒப்பும்? ஆனாப் பேசுனது பேசுனதுதானுங்க. யாரும் கையப் புடிச்சு இழுத்துட்டு வரலை. போடறேன்.”

அஞ்சாவது வரை படித்தவள். ரேகை வைக்க நீட்டிய மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு, முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டி எழுதினாள்.

வெளியே வந்ததும் ஈஸ்வரமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டார். “இனி என்ற ஊட்டு வாசல்ல உன் கால் படக்கூடாது.”

“அதையும் பத்திரத்துல ஒரு வரி எழுதியிருக்கலாமுங்ணா” என்றாள் அவள். “தாளுல எடமிருந்துது.”

திருப்பூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஆறு டஜனில் இன்னும் நாலு டஜன் பாக்கி. அவள் ஏறிக்கொண்டாள்.