மாட்டுக்கொட்டகையில் மூன்று ஆட்டம்

'வலது கை: கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரல்களும் அடியோடு இல்லை. பிடித்தல், முறுக்குதல், தூக்குதல் மற்றும் நுணுக்க வேலைகள் அனைத்துக்கும் நிரந்தரமாகத் தகுதியற்றவர்.'

மூன்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு, ஊதா முத்திரை குத்தி, 1983இல் வழங்கிய சான்றிதழ் இது. இதற்கு உரியவரான ஏகநாதன், கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கோணியை விரித்து உட்கார்ந்து, பம்ப் ஸ்டவ் ஒன்றின் கழுத்தை முறுக்கிக்கொண்டிருக்கிறார். கட்டைவிரலுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவே சாமானை இடுக்கிக்கொள்வது அவர் முறை. குறட்டில் பிடித்த சாமான் சில சமயம் நழுவும். இதில் பிடித்தது நழுவாது. ஸ்டவ், டார்ச் லைட்டு, பூட்டு, டிரான்சிஸ்டர், குடை எல்லாம் அவரிடம் வரும். கடலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பார்ப்பது வேலையை அல்ல, கையை என்று அவருக்குத் தெரியும்.

விரல்கள் போனது நகரத்துப் பஞ்சாலை ஒன்றில். எப்படிப் போயிற்று என்று கேட்டால் சொல்லமாட்டார். எங்கே என்று கேட்டால் மட்டும் பதில் உண்டு. "நம்ப ஆளுங்க நாலு பேரு இன்னும் மில்லுலதான் டூட்டி பாக்கறாங்க. நான் ஒருத்தன்தான் வெளிய வந்துட்டேன்." கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று விழிப்பார். அதற்குள் ஏகநாதன் அடுத்த ஸ்டவ்வை எடுத்திருப்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பழுது பார்த்த சாமானை யார் கையிலும் கொடுக்கமாட்டார். கோணியின் ஓரத்தில் வைத்துவிட்டு, "எடுத்துக்கபா" என்பார். இடது கையால் நீட்டினால் மரியாதைக் குறைவு. வலது கையால் நீட்டினால் வாங்குகிறவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தரையே மேல் என்று முடிவு கட்டியிருக்கிறார். புதிதாக வந்த ஒருவர், "இன்னாய்யா, நாய்க்கு வெக்கிற மாதிரி கீழ வெக்கிற?" என்று எகிறினார். ஏகநாதன் வலது கையை உயர்த்திக் காட்டினார். அந்த ஆள் குனிந்து எடுத்துக்கொண்டு போனார். நாள் முழுக்க அதை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார் ஏகநாதன். நல்ல சிரிப்பென்று அதைச் சொல்ல முடியாது.

வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. பேசி முடித்திருந்த பெண்ணின் வீட்டார் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்து, பழத்தை வைத்துவிட்டுப் போனவர்கள்தான். உறவென்று மிச்சமிருப்பது பாகூரில் சுப்புராயனுக்கு வாழ்க்கைப்பட்ட தங்கை வேலம்மாளும், அவள் மகள் வள்ளியும். வள்ளிக்கு மூன்றாம் வயதிலேயே காது குத்தியிருக்க வேண்டும். அந்த வருஷம் தாய்மாமன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "எங்கண்ணன் மடியிலதான் என் புள்ள காது குத்தணும்" என்று வேலம்மாள் பிடிவாதமாக நின்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டாள். புருஷன் வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். பொறுத்துக்கொண்டதை வாரம் ஒருமுறை அவளுக்கு ஞாபகப்படுத்தவும் தவறவில்லை.

இந்த மாசியில் நாள் குறித்தார்கள். காதில் போடும் தங்கக் கம்பியைத் தாய்மாமன் வாங்குவது வழக்கம். ஏகநாதன் வாங்கிக் கொடுத்துவிட்டார். எந்தக் கையால் வாங்கினார் என்று அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

முதல் நாள் மத்தியானமே பாகூர் போய்ச் சேர்ந்தார். வாசலில் பந்தல் போட்டிருந்தது. சுப்புராயனின் அக்கா நாகம்மாள், அந்த வீட்டில் எதையும் முடிவு செய்கிறவள், பூசணிக்காயை அரிவாள்மணையில் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. பஸ்ஸுல எடம் கெடச்சிதா? கம்பியப் புடிச்சிக்கினு நிக்கறதும் உனக்குக் கஷ்டம்."

"பல்லால கடிச்சிக்கினு வந்தேங்க்கா."

அவள் சிரிக்கவில்லை. பூசணி விதையை வழித்துத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "சொம்மா சொல்லக்கூடாது, உன்து வேல செய்யற கையி. ஊரே சொல்லுது. ஆனா நல்ல காரியத்துல வெக்கற கை வேற தம்பி. நான் ஒண்ணும் உன்னச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

பொதுவாகச் சொன்னதை ஏகநாதனும் பொதுவாகக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சுப்புராயன் நல்ல மனிதர். அதாவது, யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். அதனால் எல்லோருக்கும் ஏதாவதொரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. மச்சானை நேரே பின்பக்கம் கூட்டிப்போனார். மாடுகளை வெளியே கட்டி, கொட்டகையைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"மச்சான், நாளைக்கு அம்பது புள்ளைங்க வரும். சமையக்கட்டுல பூந்து ரகள பண்ணும். வள்ளி வேற, டவுன்ல எங்கியோ லைட்டு எரியற வீடியோ கேமு பாத்துட்டு வந்து உசுர வாங்கறா. நீ கெட்டிக்காரன். இங்க எதுனா ஆட்டம் கீட்டம் போட்டு வுடேன்."

"போட்டா போச்சு. காது குத்தற நேரம் எத்தினி மணிக்கு?"

"ஒம்பதுலருந்து பத்தர. நான் வந்து கூப்புடறேன் மச்சான். நீ ஏன் கவலப்படற?" இதைச் சொல்லும்போது சுப்புராயன் பார்த்தது வெளியே கட்டியிருந்த பசுவை.

அதை ஏகநாதன் கவனித்தார். கவனித்ததை நம்புவதா, காதில் விழுந்ததை நம்புவதா என்று வந்தபோது, வாழ்க்கையில் எதையும் பிரித்துப் பார்த்த பிறகே நம்புகிற மனிதர், அன்றைக்கு மட்டும் பிரித்துப் பார்க்காமல் காதில் விழுந்ததையே நம்பினார்.

கடைத்தெருவில் ஒரு தேயிலைப் பெட்டி கிடைத்தது. அதன் பலகையைக் கழற்றி, தலைமாட்டில் ஒரு செங்கல் கொடுத்துச் சரிவாக வைத்தார். ஆணி அடிக்க வேண்டும். சுத்தியல் இடது கையில். ஆணியைப் பிடிப்பது எப்படி? பல் போன சீப்பு ஒன்றின் இடுக்கில் ஆணியைச் செருகி, சீப்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். எழுபது ஆணி அடித்தார், ஒன்றுகூடக் கோணவில்லை. ஐந்து இடத்தில் இரட்டை ஆணி. அடியில் ஒயரும் நான்கு டார்ச் செல்லும். ஒயரின் தோலைப் பல்லால் உரித்தார். லாரி பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு உருண்டு வந்து இரட்டை ஆணிக்கு நடுவில் உட்கார்ந்தால், மேலே டார்ச் பல்பு ஒன்று எரியும். பல்புகளுக்கு மிட்டாய்க் காகிதம் சுற்றிச் சிவப்பும் பச்சையும் ஆக்கினார். குண்டைத் தள்ளிவிட, சைக்கிள் டியூபை அறுத்துக் கட்டிய விசைக்குச்சி.

இரண்டாவது ஆட்டம் இன்னும் எளிது. தடித்த கம்பியைப் பாம்பு போல வளைத்து நட்டார். குச்சியில் கோத்த வளையத்தை அதன் மேல் படாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டால் காலிங் பெல் அடிக்கும். மூன்றாவது, பால் டின்களை அடுக்கித் துணிப் பந்தால் அடிப்பது. பொழுது சாய்வதற்குள் மூன்றும் தயார்.

வேலம்மாள் டீ கொண்டுவந்து தந்தாள். "அண்ணா, காலையில புது வேட்டி கட்டிக்க. மடி உன்துதான். அவங்க இன்னா சொன்னாலும் வுடாத."

"யாரு இன்னா சொன்னாங்க?"

வேலம்மாள் டம்ளருக்குக் கையை நீட்டினாள். டம்ளரில் பாதி டீ இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே கொட்டகை நிரம்பிவிட்டது. ஏகநாதன் புது வேட்டி கட்டி, தலையைப் படிய வாரி, ஆட்டத்தை நடத்தினார். "தள்ளாத, தள்ளாத! டேய் சேப்புச் சட்ட, மூணு வாட்டி ஆடிட்ட, நவுரு!" பச்சை பல்பு எரிந்தபோது வள்ளி கொட்டகையே அதிரக் கத்தினாள். "எங்க மாமா செஞ்சது! எங்க மாமா!" என்று தெரியாத பிள்ளைகளையெல்லாம் பிடித்து இழுத்துச் சொன்னாள்.

கம்பி ஆட்டத்தை யாராலும் முடிக்க முடியவில்லை. பெரியவர்களும் வந்து முயன்றார்கள். சிவப்பிரகாசம் வந்தார். வேலம்மாளுக்கும் ஏகநாதனுக்கும் பெரியப்பா மகன்; வள்ளிக்கு அவரும் மாமன் முறைதான். மதகடிப்பட்டில் இரும்புக் கடை. பட்டு வேட்டி, இரண்டு மோதிரம், பத்து விரல். வளையத்தை வாங்கி நாலு அங்குலம் நகர்த்தினார். மணி அடித்தது. மறுபடி. மணி அடித்தது.

"இன்னாடா ஏகு, தில்லுமுல்லு பண்ணி வச்சிக்கிற? இத எவனாலயும் தாண்ட முடியாது."

ஏகநாதன் குச்சியைக் கட்டைவிரலில் இடுக்கி, பிள்ளைகள் மூச்சைப் பிடித்துப் பார்க்க, கம்பியின் கடைசி வளைவு வரை கொண்டுபோய் நிறுத்தினார். மணி அடிக்கவில்லை. "மோதிரத்தக் கழட்டிட்டு ஆடுண்ணா" என்றார். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

அப்போது சுப்புராயன் வந்தார். ஏகநாதன் குச்சியைக் கீழே வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சிவப்பிரகாசம், வாப்பா. நேரமாச்சு" என்றார் சுப்புராயன். வள்ளியை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பிறகு, எழுந்து நின்றவரைப் பார்க்காமல், "மச்சான், நீ பசங்களப் பாத்துக்க. ஒயரு கியரு கெடக்குது. கரன்ட்டு அடிச்சிரப் போவுது" என்றார்.

நான்கு டார்ச் செல் சேர்ந்து ஓர் எறும்பைக்கூட அடிக்காது. இதைச் சொல்ல ஏகநாதனுக்கு வாய் வந்தது. மெதுவாக உட்கார்ந்து, "அடுத்தது யாரு? வா" என்றார்.

முன்பக்கம் மேளம் உச்சத்துக்குப் போயிற்று. அதையும் மீறி ஓர் அலறல் கேட்டது. கொட்டகையில் பிள்ளைகள் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குண்டுக்கு அடித்துக்கொண்டார்கள். ஏகநாதன் கீழே விழுந்த பால் டின்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஒரே கோபுரத்தை இரண்டு தடவை கலைத்து அடுக்கினார்.

திடீரென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வள்ளி ஓடிவந்தாள். ஒரு காதில் கம்பி. அங்கிருந்து கழுத்து வரை ரத்தக் கோடு. மற்றக் காது குத்தவில்லை. பட்டுப் பாவாடை தடுக்கி விழுந்து எழுந்து, மாமனின் காலை இறுகக் கட்டிக்கொண்டு பின்னால் பதுங்கினாள்.

"மாமா, குடுக்காத மாமா. என்ன ஒளிச்சி வையி. அந்த ஆளு குத்தறான் மாமா!"

பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். சிவப்பிரகாசம் கடிபட்ட மணிக்கட்டை உதறிக்கொண்டு வந்தார். காது குத்தும் பத்தர் சின்னப்பிள்ளை, மிச்சமிருந்த தங்கக் கம்பியைக் கையிலேயே வைத்திருந்தார். யாரோ ஒரு பிள்ளை பயத்தில் வளையத்தைக் கம்பி மேல் போட்டுவிட்டு விலக, மணி நிற்காமல் அடித்தது.

"நல்ல நேரம் போவுது! ஒத்தக் காதோட வுடக்கூடாது, பீட!" என்று நாகம்மாள் கத்தினாள். "புடி தம்பி! எந்தக் கையா இருந்தா இன்னா, புடி!"

"உன் மடிதான் மச்சான்" என்றார் சுப்புராயன் மூச்சு வாங்க. "உக்காரு. உன் மடிதான்."

வேலம்மாள் கொட்டகை வாசலில் நின்றாள். இரண்டு வருஷம் காத்திருந்தவள், அண்ணன் முகத்தை மட்டும் பார்த்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் தட்டியைத் தாண்டினால் கரும்புக் கொல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் யாருக்கும் தெரியாது. ஏகநாதன் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வள்ளி அவர் வேட்டியில் முகத்தைப் புதைத்து, "நீ நல்ல மாமா, நீ நல்ல மாமா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

ஏகநாதன் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். காலைக் கட்டியிருந்த பிள்ளையைப் பிரித்தெடுத்து மடியில் வைத்தார். இடது கையால் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விரலில்லாத கையால் அவள் தலையைத் தன் மார்போடு அழுத்தி, குத்தாத காதைப் பத்தர் பக்கம் திருப்பினார்.